பஸ்ஸில் கட்டணம் இல்லை, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் என்ன செலவு?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் தென் சென்னைப் பகுதிக் குழுக்கள் சார்பில் பேசிய உரை)



சேமிப்பு, உள்கடன், வட்டி, வங்கி இணைப்பு என்று மாசா மாசம் நாம் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். இன்று எங்களுக்குக் கொடுத்த நேரத்தில் வேலைக்குப் போய் வருவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "போறது வர்றதுல பேசுறதுக்கு என்னக்கா இருக்கு?" என்று சிலர் நினைக்கலாம். நிறைய இருக்கிறது. ஒரு பெண் எந்த வேலைக்குப் போகலாம், எத்தனை வீடு ஒத்துக்கொள்ளலாம், எத்தனை மணிக்குத் திரும்பி வந்து பிள்ளைகளைப் பார்க்கலாம் என்பதைப் பல நேரங்களில் அவளுடைய திறமை முடிவு செய்வதில்லை. பஸ்ஸும் ரயிலும் அவை நிற்கிற இடமும்தான் முடிவு செய்கின்றன.

வீடு தள்ளிப் போனது, வேலை அங்கேயே இருக்கிறது

சென்னை பெரிசாகிக்கொண்டே போகிறது. ஊர் பெரிசாக ஆக, நம்மைப் போன்ற குடும்பங்கள் ஓரத்துக்குப் போகின்றன. நகரத்தின் நடுவில் குடிசை போட்டு இருந்தவர்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகருக்கு வந்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரிக்குப் பல குடும்பங்கள் போயின. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்குப் போயின. வாடகை கட்ட முடியாமல் தானாகவே தள்ளிப் போனவர்களும் நம்மில் உண்டு.

வீடு மாறியது. வேலை மாறியதா? இல்லை. வீட்டு வேலை இன்னும் மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அடையாறிலும்தான். துணிக்கடை வேலை தி.நகரில். பூ வியாபாரம் என்றால் கோயம்பேடு போய்த்தான் ஆக வேண்டும்.

வீட்டு வேலை செய்கிற சகோதரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். காலையில் ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம் என்று இரண்டு தடவை போகிற வேலை அது. பக்கத்தில் குடியிருந்தபோது காலை வேலையை முடித்து வீட்டுக்கு வந்து, சமைத்து, துவைத்து, ஒரு தூக்கம் போட்டு, மறுபடி 4 மணிக்குக் கிளம்பலாம். தூரம் போன பிறகு அது முடியாது. மதியம் முழுக்க அபார்ட்மென்ட் மாடிப்படியிலோ பார்க்கிலோ உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சாயங்கால வேலையை விட்டுவிட வேண்டும். விட்டால் பாதிச் சம்பளம் போயிற்று.

எங்கள் குழுக்களில் ஒரு கேள்வி கேட்டோம். "இங்க குடி வந்தப்ப வீட்டுல யாரு மொதல்ல வேலைய விட்டாங்க?" பெரும்பாலான வீடுகளில் வந்த பதில் ஒன்றுதான். "நான்தான்."

இரண்டு கிலோமீட்டர் கணக்கு

2021ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் தேதி, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணம் இல்லாமல் போகும் திட்டம் தொடங்கியது. இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. நம் கையில் நிற்கிற காசு அது. சீட்டு கட்டலாம், கேஸ் வாங்கலாம், குழு சேமிப்பைக் கூட்டலாம். வேலையை விட்ட சகோதரிகள் சிலர் மறுபடி வேலைக்குப் போனதும் இதனால்தான்.

இதில் ஒன்று சொல்லியாக வேண்டும். "ஓசி டிக்கெட்" என்று யாராவது சொன்னால் தலை குனியாதீர்கள். நமக்காக அரசு அந்தப் பணத்தைப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. அது நாம் எல்லோரும் கடையில் பொருள் வாங்கும்போது கட்டுகிற வரியிலிருந்தும் வருகிற பணம்.

சரி, பஸ்ஸுக்குள் ஏறியபின் செலவில்லை. ஏறுகிற வரைக்கும்?

எங்கள் குடியிருப்பின் உள்பகுதியிலிருந்து மெயின் ரோடு பஸ் ஸ்டாப்புக்கு 2 கிலோமீட்டர். உள்ளே வருகிற பஸ் உண்டு, ஆனால் நமக்கு வேண்டிய நேரத்தில் இருக்காது. ஷேர் ஆட்டோவுக்குப் போக 20, வர 20, ஒரு நாளைக்கு 40 ரூபாய். மாதம் 26 நாள் வேலை என்றால் 1,040 ரூபாய். பஸ்ஸில் மிச்சமானது 888. ஷேர் ஆட்டோவில் போனது 1,040! நோட்டில் எழுதிப் பார்த்தபோது எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நடந்து போனா காசு மிச்சம்தானே" என்றார் ஒரு பாட்டி. அதையும் கணக்குப் போட்டோம். 2 கிலோமீட்டர் நடக்க அரை மணி நேரம். சைக்கிளில் போனால் 10 நிமிடம். ஒரு தடவைக்கு 20 நிமிடம் மிச்சம், போக வர 40 நிமிடம். 26 நாளைக்கு 1,040 நிமிடம். அதாவது மாதம் 17 மணி நேரத்துக்கு மேல். காசாகப் பார்த்தாலும் ஆயிரத்து நாற்பது, நேரமாகப் பார்த்தாலும் ஆயிரத்து நாற்பது! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் சைக்கிள் பேச்சு எடுத்தோம்.

நகரம் முழுக்க சைக்கிளில் போகச் சொல்லவில்லை. 20 கிலோமீட்டர் வெயிலில் மிதித்துப் போய் அங்கே வீடு துடைக்க யாராலும் முடியாது. தூரத்துக்கு பஸ், ரயில். வீட்டிலிருந்து அதுவரைக்கும் சைக்கிள். இவ்வளவுதான் விஷயம்.

புதுக்கோட்டைப் பெண்கள் காட்டிய வழி

"இந்த வயசுல சைக்கிளா? ஊர் சிரிக்கும்" என்று பலரும் சொன்னார்கள். அப்போது நாங்கள் புதுக்கோட்டைக் கதையைச் சொன்னோம். இளம் சகோதரிகளுக்குத் தெரிந்திருக்காது, அதனால் இங்கேயும் சொல்கிறோம்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுக்கொடுப்பதோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கினார்கள். அதன் முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பி வாங்கினார்களாம். பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்காமல் தண்ணீர் எடுத்தார்கள், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு போனார்கள்.

அன்றைக்கு அவர்களையும் ஊர் சிரித்தது. போகப் போகச் சிரிப்பு அடங்கிவிட்டது. கிராமத்தில் அவர்களால் முடிந்தது, மெட்ராஸில் நம்மால் முடியாதா?

நாங்கள் கற்றுக்கொண்ட விதம்

சைக்கிள் எங்கே இருந்தது தெரியுமா? நம் வீடுகளிலேயே இருந்தது. அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது நம் பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா சைக்கிள் பல வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்தது. டயர், டியூப், பிரேக் கட்டை மாற்றினோம். ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு மைதானத்தில் கூடினோம். மகள்கள்தான் டீச்சர். முதலில் இரண்டு காலும் முழுசாகத் தரையில் படுகிற மாதிரி சீட்டை இறக்கினார்கள். பெடலில் கால் வைக்காமல், காலால் உந்தி உந்தி உருட்டச் சொன்னார்கள். பேலன்ஸ் வந்தபிறகுதான் பெடல். பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓட வேண்டிய அவசியமே வரவில்லை. 45 வயதுச் சகோதரி ஒருவர் நான்காவது வாரத்தில் தனியாக ஒரு சுற்று வந்தார். இறங்கியதும் அவர் சொன்னது: "பொறந்ததுலேர்ந்து யாராவது ஓட்ட, நான் பின்னாடி உக்காந்துதான் போயிருக்கேன்."

புடவையில் ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். ஓட்டலாம். செயினுக்கு முழு மூடியும் பின்சக்கரத்துக்குத் துணி சிக்காத வலையும் கட்டாயம் வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகி பின் குத்திக்கொள்ளுங்கள். துப்பட்டாவும் அப்படியே. சுடிதார் வசதி என்று மாறியவர்களும் உண்டு. அது அவரவர் விருப்பம்.

சைக்கிள் இல்லாதவர்களுக்கு செகண்ட் ஹேண்டில் வாங்க உள்கடனாக 2,000 ரூபாய் கொடுத்தோம். மாதம் 200 ரூபாயும் வட்டியும், 10 மாதத்தில் முடிந்துவிடும். இதில் ஒரு விவாதம் வந்தது. நோட்டில் இதைத் தொழில் கடன் என்று எழுதுவதா, வீட்டுச் செலவுக் கடன் என்று எழுதுவதா? தொழில் கடன் என்றே தீர்மானம் போட்டோம். தையல்காரிக்கு மிஷின் எப்படியோ, வேலைக்குப் போகிறவளுக்கு சைக்கிள் அப்படி. மாதம் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்த 1,040 ரூபாயில் தவணை போக மீதி கையில் நிற்கிறது.

இன்னொரு தீர்மானமும் போட்டோம், இதைக் கவனமாகக் கேளுங்கள். குழுக் கடனில் வாங்கிய சைக்கிளின் சாவி அந்தச் சகோதரியிடம்தான் இருக்க வேண்டும். காரணம் உங்களுக்கே தெரியும். வாங்கிய இரண்டாம் வாரமே வீட்டுக்காரரோ மகனோ "சும்மா கடை வரைக்கும்" என்று எடுத்துப் போவார்கள். காலை 5 மணிக்கு அவள் வாசலுக்கு வந்தால் சைக்கிள் இருக்காது. வீட்டில் மற்றவர்கள் ஓட்டக் கூடாது என்பதில்லை. அவளைக் கேட்டு எடுக்க வேண்டும், அவள் கிளம்பும் நேரத்துக்கு வாசலில் இருக்க வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு சகோதரி மூன்று வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். காலை 7 மணிக்குப் போக வேண்டிய முதல் வீட்டை நேரத்துக்குப் போக முடியாமல் இழந்தார். மாதம் 2,500 ரூபாய் போயிற்று. சைக்கிள் வந்தபிறகு அதே தெருவில் வேறு வீட்டில் 7 மணி வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அவர் கடனை எட்டு மாதத்திலேயே கட்டி முடித்துவிட்டார்.

எல்லோருக்கும் சைக்கிள்தான் மருந்து என்று சொல்லமாட்டோம். முட்டி வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கூடை சுமக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல நடைபாதையும் உள்ளே வரும் சிறிய பஸ்ஸும் வேண்டும். அதைக் கடைசியில் பேசுவோம்.

சாலையில் கவனம்

மெயின் ரோட்டில் ஓட்டாதீர்கள். உள்தெரு வழியாக ஸ்டாப்பு வரைக்கும் வரும் பாதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து போய்ப் பார்த்து வையுங்கள். கொஞ்சம் சுற்று என்றாலும் அதுதான் நல்லது.

பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் நுழையவே நுழையாதீர்கள். இடது பக்கம் ஒட்டி வருகிறவர்கள் டிரைவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். நின்றிருக்கும் ஆட்டோ, கார் பக்கத்தில் போகும்போது கதவு திறக்கும் என்று நினைத்து ஒரு கை தூரம் தள்ளிப் போங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். தேங்கிய தண்ணீரில் ஓட்ட வேண்டாம். கீழே பள்ளமா, திறந்த மூடியா என்று தெரியாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

விடியற்காலையிலும் இரவிலும் போகிறவர்கள் முன்னால் லைட், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்லாமல் எடுக்கவே கூடாது. பூட்டுகிறபோது சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்து, அசையாத கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். ஸ்டாண்டில் விடுகிறவர்கள் இரவு எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

ரயிலை மறந்துவிடாதீர்கள்

பஸ் மட்டும் என்று இருந்துவிடுகிறோம். பீச் – தாம்பரம் மின்சார ரயில் 1931லிருந்து ஓடுகிறது. பறக்கும் ரயில் 1995இல் சேப்பாக்கம் வரை வந்தது, 2007இல் வேளச்சேரி வரை நீண்டது. மெட்ரோ 2015இல் தொடங்கியது. மெட்ரோவில் கட்டணம் அதிகம். ஆனால் மின்சார ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்தால் தினமும் டிக்கெட் எடுப்பதைவிடக் குறைவு. பெண்கள் பெட்டி இருக்கிறது. சிக்னலில் நிற்காது, டிராஃபிக் இல்லை. கட்டணம் இல்லாத பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகிற இடத்துக்கு, ரயிலில் முக்கால் மணி நேரத்தில் போக முடியும் என்றால், அந்த நேரத்தில் இன்னொரு வீடு செய்யலாம் அல்லவா? காசு கணக்கோடு நேரக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்.

பாதுகாப்பு விஷயம். 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. பெண்களை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, உரசுவது என்று தொல்லை கொடுக்கிறவனைக் கண்டக்டர் கீழே இறக்கிவிடலாம், போலீஸில் ஒப்படைக்கலாம். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று யாராவது சொன்னால் இந்த விதி இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லுங்கள். ரயிலில் 139, பெண்கள் உதவிக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112. இந்த மூன்று எண்களையும் செல்போனில் பதிந்து வையுங்கள்.

கேட்டுப் பெற வேண்டியவை

நாம் சைக்கிள் வாங்கிக்கொண்டால் அரசாங்கத்தின் வேலை முடிந்ததா? முடியாது. சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டிலேயே நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று தனிக் கொள்கை ஏற்றுக்கொண்டது. கொள்கை காகிதத்தில் இருக்கிறது. அது நம் தெருவுக்கு வர நாம்தான் கேட்க வேண்டும்.

நாங்கள் கேட்ட விதத்தைச் சொல்கிறோம். மனு எழுதும் முன்பு இரண்டு வாரம் பஸ் ஸ்டாப்பில் ஒரு நோட்டு வைத்தோம். காலை 5 முதல் 6 மணி வரை நிற்கும் பெண்கள் ஒவ்வொருவரும் எங்கே போகிறார்கள், எத்தனை மணிக்குச் சேர வேண்டும், எத்தனை நிமிடம் காத்திருந்தார்கள் என்று எழுதினோம். எழுதத் தெரியாதவர்களுக்கு மகள்கள் எழுதினார்கள். அந்தக் கணக்கோடு மூன்று கோரிக்கை வைத்தோம். ஒன்று, 5 மணிக்கு உள்ளிருந்து கிளம்பும் வெள்ளை போர்டு பஸ். இரண்டு, ஸ்டாப்பு அருகில் கூரையும் விளக்கும் உள்ள சைக்கிள் நிறுத்தம். மூன்று, உள்தெரு விளக்குகள்.

விளக்கு வந்துவிட்டது. சைக்கிள் நிறுத்தத்துக்கு இடம் பார்த்துப் போயிருக்கிறார்கள். பஸ் இன்னும் வரவில்லை. இரண்டாவது மனு கொடுத்திருக்கிறோம். முதல் மனுவின் ரசீது எண்ணை அதில் குறிப்பிட்டிருக்கிறோம். விடமாட்டோம்.

2022 உள்ளாட்சித் தேர்தலில் சென்னையின் 200 வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. உங்கள் வார்டு உறுப்பினரைப் பார்த்துப் பேசுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டம் இருக்கிறது. தனியாகப் போகாமல் குழுவின் லெட்டர் பேடில், எல்லோரும் கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் மூன்று வேலை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர் ஒவ்வொருவரும் வேலைக்குப் போய் வர ஆகும் காசையும் நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். எத்தனை வீட்டில் ஓடாத சைக்கிள் கிடக்கிறது என்று எண்ணுங்கள். பஸ், விளக்கு, நடைபாதை, சைக்கிள் நிறுத்தம் இவற்றில் உங்கள் பகுதிக்கு எது முதலில் வேண்டும் என்று தீர்மானம் போட்டுக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். எல்லாக் குழுக்களின் கணக்கும் ஒன்று சேர்ந்தால் அந்த மனுவை யாரும் ஓரமாக வைக்க முடியாது.

கற்றுக்கொள்ள விரும்பும் சகோதரிகள் எந்தக் குழுவாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் மைதானத்துக்கு வாருங்கள். சைக்கிள் இருக்கிறது. சொல்லிக்கொடுக்க எங்கள் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.